ஊறல் தண்ணீர்

என் தமக்கையின் மகன் ரசாயனம் படிக்கிறவன். சென்ற கோடை விடுமுறையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பயிற்சிக்காகப் போய் வந்தான். போகும்போது இருந்த முகம் திரும்பும்போது இல்லை.

"என்னடா கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"நாற்றம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், மாமா. ஆறு வாரமும் நெல்லை ஊறப் போடுவது, மணிக்கொரு தரம் ஊறல் தண்ணீரை முகர்ந்து பார்த்து நோட்டில் எழுதுவது, மிச்ச நேரத்தில் குடுவை கழுவுவது. இதற்கா மூன்று வருஷம் ரசாயனம் படித்தேன்?"

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "முகர்ந்து பார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, நாற்பது வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்" என்றாள்.

பையனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு திண்ணையில் அவனுக்கு ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் என்ற சிற்றூரில் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. 1843-ல் லாஸ் என்ற நிலச்சுவான்தாரும் கில்பர்ட் என்ற ரசாயன நிபுணரும் சேர்ந்து தொடங்கியது. அன்று கோதுமை விதைத்துப் பரிசோதனை ஆரம்பித்த வயலில் இன்றும் பரிசோதனை நடக்கிறது. சுற்றிலும் கோதுமையும் பார்லியும் விளைகிற மேட்டு நிலம். நம் ஊர்ச் சேற்றுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

1920-களில் அங்கே ஆராய்ச்சி பழகிய ஒரு தமிழ் இளைஞர், கோதுமை வயலை விட்டுவிட்டுத் தண்ணீர் கட்டி நின்ற மண்ணை ஆராய்ந்தார். சுப்பிரமணியன் என்பது பெயர். மண்ணைக் குடுவையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பதும், நாள் கணக்கில் காத்திருந்து அதில் அம்மோனியா எவ்வளவு என்று அளப்பதும் அவர் வேலை. தண்ணீர் நின்ற மண்ணில் அம்மோனியா ஏறிக்கொண்டே போவதையும், அதை உண்டாக்குவதில் ஒரு என்ஸைமுக்குப் பங்கு இருப்பதையும் 1927-ல் எழுதி வெளியிட்டார்.

இதில் நமக்கென்ன? நிறைய இருக்கிறது. தண்ணீர் நிற்கும் மண்ணில் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் நைட்ரேட் உப்பு தங்காமல் வாயுவாகிப் போய்விடும். அம்மோனியா மட்டும் தங்கும். நெல்லுக்கு அதுவே ஆகாரம். கொழுஞ்சியையும் எருக்கந்தழையையும் வெட்டிவந்து சேற்றில் போட்டு மிதித்தார்களே நம் பாட்டன்மார், அவர்கள் காலடியில் நடந்த ரசாயனம் இதுதான். அவர்கள் செய்தது சரி என்று தெரியும். ஏன் சரி என்பதைக் குடுவை கழுவுகிறவர்கள்தாம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சுப்பிரமணியன் பிறகு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உயிர்ரசாயனப் பேராசிரியரானார். 1950-ல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறந்தபோது அதன் முதல் டைரக்டர் அவரே. அங்கேயும் தண்ணீர் அவரை விடவில்லை. இந்தத் தடவை ஊறியது மண் அல்ல, நெல்.

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு அந்த வாடையை வர்ணிக்க வேண்டியதில்லை. அரிசி ஆலைச் சிமெண்டுத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் நெல் ஊறும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் பெருகித் தண்ணீரைப் புளிக்க வைக்கும். அந்த வாடை அவித்த நெல்லிலும் போகாது, வடித்த சோற்றிலும் போகாது. பந்தியில் மூக்கைச் சுளித்துப் பச்சரிசி கேட்ட மாப்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் புழுங்கலையே விட்டுவிடலாமே என்றால், அது பெரிய நஷ்டம். அவிக்கும்போது அரிசியின் மாவுச்சத்து இளகிக் கெட்டிப்படுகிறது. ஆலையில் அரைக்கையில் நொய் குறைகிறது. மேல்தோலில் உள்ள தயாமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இதன் அருமை மலாயாவில் தெரிந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன நம் கூலியாட்கள் அங்கேயும் புழுங்கலரிசிதான் உண்டார்கள். சீனத் தொழிலாளர்கள் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்டார்கள். கால் மரத்து, வீங்கி, இதயம் நின்றுபோகும் பெரிபெரி நோய் சீனர்களைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போயிற்று. நம்மவர்களை அநேகமாகத் தொடவில்லை. பிராடன் என்ற டாக்டர் 1907-ல் இதை எடுத்துக்காட்டினார். மூக்கைச் சுளிக்க வைத்த அரிசிதான் உயிரைக் காத்தது.

ஆகவே அரிசியை விடக் கூடாது, வாடையைத்தான் விரட்ட வேண்டும். மைசூரில் கண்ட வழி எளிமையானது. பச்சைத் தண்ணீருக்குப் பதில் 65 முதல் 70 டிகிரிச் சூட்டில் நெல்லை ஊற வைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறிவிடும். புளிக்க வைக்கும் கிருமிகளுக்கு அந்தச் சூட்டில் வேலையில்லை. சுப்பிரமணியனும் சகாக்களும் நெல் புழுக்குவதைச் சீர்திருத்துவது பற்றி 1955-ல் கட்டுரை எழுதினார்கள்.

பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்ட மனிதர் பெங்களூரில் சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கலாம். அவரோ திருவாரூருக்கு வந்தார். 1967-ல் அங்கே கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் நவீன அரிசி ஆலையில் தரம் பார்ப்பதற்கென்று ஒரு சின்னக் கூடம் ஏற்பட்டது. அதில் ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் அவர்தாம். குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால் களத்திலேயே நெல் முளைவிடுகிற ஊர் அது. ஆராய்ச்சிக்கு விஷயம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அந்தக் கூடம் நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்து, பெயர்கள் பல மாறி, இன்று மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையமாக நிற்கிறது.

கதை முடிந்ததும் பையன் சற்று நேரம் பேசவில்லை.

"ராத்தம்ஸ்டெட்டில் அவரும் குடுவை கழுவியிருப்பாரா, மாமா?"

"அழுக்குக் குடுவையில் கணக்குச் சரியாக வருமா?"

எழுந்து உள்ளே போனவன் நோட்டோடு திரும்பி வந்தான். விளக்கடியில் பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

"இதைப் பாருங்கள். முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் வாடையே இல்லை. மறுநாள் விடியற்காலை முகர்ந்தால் இருக்கிறது. ராத்திரி நான் தூங்கப் போய்விட்டேன். அந்த ராத்திரியில் என்ன நடந்திருக்கும்?"

"அதை நான் எப்படியடா சொல்லுவேன்?" என்றேன்.

மறுநாள் காலையில் அவன் அக்காவிடம் இரண்டு படி நெல்லும் ஒரு பழைய தவலையும் கேட்டுக்கொண்டிருந்தான்.