எட்டு மைல் சாலைக்கு வடக்கே

டெட்ராய்ட் நகரின் வடக்கு எல்லை, எட்டு மைல் சாலை. அதைத் தாண்டி, சவுத்ஃபீல்ட் என்ற பகுதியில் 1954 மார்ச் 22 அன்று நார்த்லாண்ட் வணிக வளாகம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 3 கோடி டாலர். அன்றைக்கு உலகிலேயே மிகப் பெரிய வணிக வளாகம் அதுதான். கட்டியது ஜே.எல். ஹட்சன் கம்பெனி. நகரின் நடுவே, உட்வர்ட் அவென்யூவில், பிரம்மாண்டமான பல்பொருள் அங்காடி நடத்தியவர்கள்.

நகரத்துப் பெரிய கடைக்காரர் எதற்காக ஊருக்கு வெளியே போக வேண்டும்? வாடிக்கையாளர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகரில் வீடு வாங்க அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைத்தது. ஆனால் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நார்த்லாண்டுக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே, 1941இலேயே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழும்பியிருந்தது. கறுப்பர் குடியிருப்பையும் வெள்ளையருக்கான புது மனைகளையும் பிரித்துக் காட்டினால்தான் கடனுக்கு உத்தரவாதம் என்பதால், வீடு கட்டி விற்றவர்கள் எழுப்பிய சுவர். இன்றும் நிற்கிறது. அந்தச் சுவரை விட்டுவிட்டு நார்த்லாண்டின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

வளாகத்தை வடிவமைத்தவர் விக்டர் க்ரூன். வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். கால்நடையாகச் சுற்றிவரும்படியான ஓர் ஊர் மையத்தைப் புறநகருக்குத் தர வேண்டும் என்பது அவர் ஆசை. நடுவே ஹட்சன் கடை, சுற்றிலும் உயரம் குறைந்த கடை வரிசைகள், இடையிடையே திறந்த முற்றங்கள். பூச்செடிகள், நீரூற்று, பெஞ்சுகள், மழையில் நனையாமல் நடக்கத் தூண் வைத்த தாழ்வாரங்கள். சரக்கு லாரிகள் நிலத்தடிப் பாதையில் வந்து போகும். நடப்பவர் கண்ணில் ஒரு லாரிகூடப் படாது. ஒரு முற்றத்தில் சிற்பி மார்ஷல் ஃபிரெடரிக்ஸ் செய்த கரடிச் சிலை. அதன் முதுகில் ஒரு சிறுவன். எதையும் வாங்காதவரும் வந்து உட்காரலாம். இத்தனை அக்கறையோடு கட்டப்பட்ட கடைவீதிகள் அமெரிக்காவில் மிகக் குறைவு.

சுற்றிலும் வீடுகளும் அலுவலகங்களும் மருத்துவ நிலையங்களும் நெருங்கி அமைய வேண்டும் என்று க்ரூன் விரும்பினார். அமைந்ததோ 8,000 கார்களுக்கு மேல் நிற்கும் திடல்.

லாபம் கொட்டியது. அதே ஆண்டு, புதுக் கட்டடங்களுக்கு விரைவாகத் தேய்மானக் கழிவு எடுக்க வரிச்சட்டம் இடம் தந்தது. பழைய கடைத்தெருவைச் செப்பனிடுவதைவிடப் புதிய வளாகம் எழுப்புவதே ஆதாயம் என்றானது. ஹட்சனே 1957இல் ஈஸ்ட்லாண்ட், 1965இல் வெஸ்ட்லாண்ட் என்று தொடர்ந்தது. டெட்ராய்ட்டில் 1967இல் நடந்த இனக் கலவரத்துக்குப் பின் வெள்ளையர் வெளியேற்றம் இன்னும் வேகம் பிடித்தது. 1950இல் 18.5 லட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2010இல் சுமார் 7.14 லட்சம். உட்வர்ட் அவென்யூ கடை 1983இல் மூடப்பட்டது. 1998இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நார்த்லாண்டின் முறை அடுத்து வந்தது. 1970களில் முற்றங்களுக்கு மேல் கூரை போட்டார்கள். அந்தக் காலத்திலேயே ஃபேர்லேன், ட்வெல்வ் ஓக்ஸ் என்று புதுப் போட்டியாளர்கள் முளைத்தார்கள். கறுப்பின நடுத்தர வர்க்கம் எட்டு மைல் சாலையைத் தாண்டி சவுத்ஃபீல்டில் குடியேறியது. நல்ல வருமானம் உள்ள குடும்பங்கள். ஆனாலும் பெரிய கடைகள் இன்னும் தள்ளி, வெள்ளையர் புறநகர்களைத் தேடிப் போயின. இணைய வணிகத்தின் மேல் பழிபோடுவோர், அமேசான் பிறப்பதற்கு முன்பே நடந்த இந்த இடம்பெயர்வைப் பார்ப்பதில்லை.

ஹட்சன் கடையின் பெயர்ப்பலகை 2001இல் மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்றும், 2006இல் மேசிஸ் என்றும் மாறியது. கடன் கட்ட முடியாமல் நீதிமன்றப் பொறுப்புக்குப் போன வளாகம் 2015இல் மூடப்பட்டது. சவுத்ஃபீல்ட் மாநகராட்சி அதை 24 லட்சம் டாலருக்கு வாங்கியது. கரடியும் சிறுவனும் நகர நூலகத்துக்குப் போனார்கள். 2021இல் இடத்தை வாங்கிய நிறுவனம், ஹட்சன் கடைக் கட்டடத்தையே அடுக்குமாடி வீடுகளாக மாற்றத் திட்டமிட்டது.

1978இல் லண்டனில் பேசிய க்ரூன், இந்த வணிக வளாகங்களுக்குத் தன்னைத் தந்தை என்று சொல்லாதீர்கள் என்று கொதித்தார். வீடுகளையும் பூங்காக்களையும் கழித்துவிட்டு லாபம் தரும் பகுதியை மட்டும் நகலெடுத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் நியாயம் உண்டு. ஆனால் கடைவீதி முழுவதையும் கூரைக்கடியில் அடைத்து, வெளிச்சுவரைத் தெருவுக்கு முதுகு காட்ட வைத்த மாதிரியை 1956இல் மினசோட்டாவின் சவுத்டேலில் தந்தவரும் அவரே. அந்தக் கட்டடத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)