ஐம்பது பவுண்டு காமெரா

கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் காட்ட ஒரு குறும்படம் எடுக்கலாமா என்று நம் வாலிபர்கள் கேட்டார்கள். உடனே பேச்சு காமெராவின் பக்கம் போய்விட்டது. இரண்டாயிரம் பவுண்டாவது வேண்டும் என்றார் ஒரு தம்பி. கையில் இருக்கிற போனே போதும் என்றாள் ஒரு தங்கை. டீ ஆறிப்போகும்வரை வாக்குவாதம் ஓயவில்லை. இதே கேள்வியோடு நூறு வருஷத்துக்கு முன்னால் இதே லண்டனுக்கு ஒருவர் வந்து போயிருக்கிறார். அன்று சொல்ல நேரமில்லாததால் அந்தக் கதையை இங்கே எழுதுகிறோம்.

சிவாஜி கணேசனுக்கும், கே. பாலசந்தருக்கும், ரஜினிகாந்துக்கும் கிடைத்த விருதின் பெயரில் இருப்பவர்தான் அவர், தாதாசாகேப் பால்கே. 1870-ல் நாசிக் பக்கத்தில் திரியம்பக்கில் பிறந்தவர். ஓவியம் படித்தார், போட்டோ ஸ்டூடியோ நடத்தினார், தொல்பொருள் துறையில் வேலை பார்த்தார், அச்சகம் வைத்தார். கூட்டாளிகளோடு ஒத்துப்போகாமல் அச்சகத்தையும் விட்டபோது வயது நாற்பது. குடும்பம் இருந்தது, வருமானம் இல்லை. அந்த நாட்களில்தான் பம்பாயில் ஒரு கொட்டகையில் இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பற்றிய மௌனப் படத்தைப் பார்த்தார். திரையில் கிறிஸ்துவின் சரித்திரம் ஓட, தன் மனதில் கிருஷ்ணனும் ராமனும் ஓடினார்கள் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். நம் பத்திரிகையில் இதைப் படிக்கும்போது சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இந்திய சினிமாவின் முதல் பொறி விழுந்தது அந்தப் படத்திலிருந்துதான்.

பிறகு மாதக்கணக்கில் கிடைத்த படங்களையெல்லாம் பார்த்தார். சரியான தூக்கமில்லை, ஓய்வில்லை. கடைசியில் கண் பார்வையே மங்கிப்போனது. வைத்தியம் செய்து, கண்ணாடிகள் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் பார்வை திரும்பியது. பால்கேயின் ஆர்வத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நர்ஸ் வேலையில் இருக்கும் எங்களுக்கு அப்படித் தாண்ட முடிவதில்லை.

பணம் கொடுக்க ஆளில்லை. தன் இன்ஷூரன்ஸ் பாலிசிகளை அடமானம் வைத்துப் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கி, 1912 பிப்ரவரி 1-ம் தேதி கப்பல் ஏறினார். லண்டனில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. பம்பாயில் அவர் வாங்கிப் படித்த சினிமா வாரப் பத்திரிகை ஒன்று உண்டு, அதன் பெயர் 'பயாஸ்கோப்'. பிக்கடில்லியில் அதன் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நேரே உள்ளே போய் ஆசிரியரைச் சந்தித்தார். அவரோ, இங்கேயே படம் எடுக்கிறவர்கள் நொடித்துப் போகிறார்கள், இந்தியாவின் வெயிலுக்கும் இது ஒத்துவராது என்று எச்சரித்தார். ஆனாலும் வந்தவரை அனுப்பிவிடாமல், செசில் ஹெப்வொர்த் என்ற தயாரிப்பாளரிடம் அறிமுகம் செய்துவைத்தார். ஹெப்வொர்த்தின் ஸ்டூடியோ வால்டன்-ஆன்-தேம்ஸில் இருந்தது. இன்று வாட்டர்லூவில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். அங்கே ஒவ்வொரு பகுதியையும் பால்கேயைப் பார்க்க விட்டார்கள். காமெரா பிடிப்பதும் பிலிம் கழுவுவதும் கண்ணெதிரே நடந்தன. வில்லியம்சன் காமெரா ஒன்றை ஐம்பது பவுண்டுக்கு வாங்கினார். கோடாக் பிலிமுக்கும், அதன் ஓரத்தில் துளை போடும் இயந்திரத்துக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு ஏப்ரல் 1-ம் தேதி ஊர் திரும்பினார்.

அந்தத் துளை போடும் இயந்திரத்தை யார் ஓட்டியது? அன்று பிலிம் துளையில்லாமல்தான் வரும். இருட்டறையில் உட்கார்ந்து, வெளிச்சம் படாமல், ஓரம் நெடுக ஒவ்வொன்றாகத் துளை போட வேண்டும். அதைச் செய்தவர் பால்கேயின் மனைவி சரஸ்வதிபாய். பிலிம் கழுவும் ரசாயனங்களைக் கலக்கவும் கற்றுக்கொண்டார்.

காமெரா வந்தும் முதல் போட யாரும் தயாராக இல்லை. எனவே பால்கே ஒரு தொட்டியில் பட்டாணி விதையைப் போட்டு, அது முளைத்து வளர்வதை ஒரு மாதத்துக்கு மேல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். ஓட்டிப் பார்த்தால் ஒரு நிமிடம். மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு செடி கண்ணெதிரே எழும்புவதைப் பார்த்த பிறகு ஒருவர் கடன் கொடுக்க முன்வந்தார். சரஸ்வதிபாயின் நகைகளும் அடமானத்துக்குப் போயின.

'ராஜா ஹரிச்சந்திரா' தாதரில் ஒரு பங்களாவில் தயாரானது. நடிக்கப் பெண்கள் வராததால், ஹோட்டல் சமையல்காரராக இருந்த அண்ணா சாலுங்கே என்ற இளைஞர் ராணி வேஷம் கட்டினார். ஹோட்டலில் மாதம் பத்து ரூபாய், பால்கே தந்தது பதினைந்து. ஹரிச்சந்திரனின் மகனாக நடித்தது பால்கேயின் மகன். 60, 70 பேருக்குச் சமைத்ததும், அவர்கள் உடைகளைத் துவைத்ததும் சரஸ்வதிபாய்தான். ராணியாக நீயே நடி என்று கணவர் கேட்டபோது, இருக்கிற வேலைக்கே ஆளில்லை என்று மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். படம் 1913 மே 3-ம் தேதி பம்பாய் கொரோனேஷன் தியேட்டரில் வெளியானது.

சில ஆண்டுகளுக்குள் மதராஸும் இதே வழியில் வந்தது. மோட்டார் உதிரிபாக வியாபாரியான ஆர். நடராஜ முதலியார், பூனாவில் ஸ்டுவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் காமெரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, அவரும் ஒரு வில்லியம்சன் காமெராவை வாங்கி 'கீசகவதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. மதராஸ் வெயிலில் பிலிம் கழுவ முடியாமல் பெங்களூருக்கு அனுப்பினார். வெயிலைப் பற்றி லண்டன் ஆசிரியர் சொன்னது முழுக்கத் தப்பில்லை!

இனி நம் காலத்துக்கு வருவோம். கோவர் தெருவில் உள்ள யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் ஆங்கில இலக்கியம் படித்தவர் கிறிஸ்டோபர் நோலன். 1998-ல் வெளிவந்த அவருடைய முதல் முழுநீளப் படம் 'ஃபாலோயிங்'. சுமார் மூவாயிரம் பவுண்டில், 16 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்தது. நடிகர்களும் உதவியாளர்களும் வார நாட்களில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே சனிக்கிழமைகளில் மட்டும், ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்தார்கள். அதிகம் தின்றது பிலிம் செலவுதான். அதனால் நாடகத்துக்குப் போல மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, ஒரு காட்சியை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை எடுத்தார்கள். விளக்கு வாடகை இல்லை, ஜன்னல் வெளிச்சமே போதும். வாடகை வீடும் இல்லை, பெற்றோர் வீடு, நண்பர்கள் வீடு. காமெராவை நோலனே தோளில் தூக்கினார். பின்னால் அவர் மனைவியான எம்மா தாமஸ் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார்.

மூவாயிரம் பவுண்டில் ஒரு படம் என்று கேட்டால் வியப்பாக இருக்கிறது. வார்டில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் குறைந்தால் நடப்பது எங்களுக்குத் தெரியும். வேலை குறையாது, மீதிப் பேர் தலையில் ஏறும். படத்தின் செலவும் அப்படித்தான். பணத்தில் குறைந்ததை ஒருவர் சனிக்கிழமைகளால் கொடுத்தார், ஒருவர் வளையலால், ஒருவர் கண்ணால். நோலனின் நண்பர்கள் கேட்டு, சம்மதித்து, ஒத்திகைக்கு வந்தவர்கள். சரஸ்வதிபாயை அப்படி யாராவது கேட்டார்களா? நகையைத் தானே மனமுவந்து கொடுத்தார் என்றுதான் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் 60 பேர் சமையலுக்கு முன்னால் ஒரு துணையாள் வைத்திருக்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

நம் குறும்படத்துக்கு வருவோம். காமெரா போன்தான் என்று முடிவாகிவிட்டது. போன ஞாயிறு தம்பி ஒரு பட்ஜெட் தாளைக் கொண்டுவந்தார். மைக்குக்கு நாற்பது பவுண்டு, பஸ் செலவுக்கு இவ்வளவு என்று எழுதி, சாப்பாடு என்ற இடத்தில் 'ஆன்ட்டிமார் பார்த்துக்கொள்வார்கள்' என்று போட்டிருந்தார். அந்த ஆன்ட்டிமாரில் இருவருக்கு அந்த வாரம் நைட் டியூட்டி. தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். மூன்று சனிக்கிழமைக்கு யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று பையன்கள் பெயரும் சேர்ந்த பட்டியலோடு வரும் ஞாயிறு கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.