பாவத்தைக் கேட்க ஒரு காது

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் பழைய புத்தகம் எது என்று கேட்டால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்: 'தம்பிரான் வணக்கம்', கொல்லம், 1578. அடுத்தது 1579இல் கொச்சியில் வந்த 'கிரிசித்தியானி வணக்கம்'. இதையும் சிலர் சொல்வார்கள். மூன்றாவதாக வந்ததை நான் பணியில் இருந்த காலம் முழுக்க எந்த வினாத்தாளிலும் பார்த்ததில்லை. 1580இல், அதே கொச்சியில் அச்சானது. பெயர் 'கொம்பெசியொனாயரு'.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். போர்த்துக்கீசியச் சொல்லைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருக்கிறார்கள். செய்த பாவங்களைப் பாதிரியாரிடம் முறையாகச் சொல்வதற்கான கையேடு அது. திருக்குறள் அச்சேறியது 1812இல். அதற்கு 232 ஆண்டுகள் முன்பே தமிழர்கள் தங்கள் பாவத்தைச் சொல்ல ஒரு அச்சுப் புத்தகம் வந்துவிட்டது. அப்படி என்ன அவசரம்?

இதை இப்போது எழுதக் காரணம் என்னிடம் படித்த ஒரு பெண். நம் ஆரணியில் சி.எஸ்.ஐ. குடும்பம். பார்த்திருக்கும் மாப்பிள்ளை ரோமன் கத்தோலிக்கர். "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க சார். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட நான் ஏன் சொல்லணும்? ஆண்டவர்கிட்ட சொன்னா போதாதா?" என்று கேட்டது. நான் கிறித்தவன் இல்லை. வரலாற்று வாத்தியார். வேதத்துக்குப் பொருள் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி நம் மண்ணில் ஏறக்குறைய ஐந்நூறு வருடமாகக் கேட்கப்படுவது. அதனால் நடந்ததைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆரம்ப நூற்றாண்டுகளில் இன்று நாம் பார்க்கும் முறை கிடையாது. கொலை, விபசாரம், மதத்தை மறுதலித்தல் போன்ற பெரிய பாவங்களுக்குச் சபையறிய நீண்ட தவம் இருக்க வேண்டும். தனியாகக் குருவிடம் சொல்லி, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய வழக்கத்தைப் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் வருடத்துக்கு ஒருமுறையாவது குருவிடம் சொல்லியாக வேண்டும் என்று விதித்தது. லுத்தர் கிளப்பிய கலகத்துக்குப் பிறகு 1551இல் திரெந்து சங்கம் அதை இன்னும் இறுக்கியது. சாவான பாவம் ஒவ்வொன்றையும், அதன் வகை, எத்தனை முறை, பாவத்தின் தன்மையையே மாற்றும் சூழ்நிலை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

இந்த விதியைத் தூக்கிக்கொண்டு முத்துக்குளித்துறைக்கு வாருங்கள். 1530களில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. உதவியாளர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அவற்றில் 'நான் பாவி' என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொதுவான பாவ அறிக்கையும் ஒன்று. ஒரு கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இல்லாமல், இவர் பேசுவது சனங்களுக்கும் சனங்கள் பேசுவது இவருக்கும் புரியாமல் தவிப்பதாகக் கடிதமே எழுதியிருக்கிறார்.

பூசை லத்தீனில் நடந்துவிடும். ஞானஸ்நானத்துக்கு ஒரு வாக்கியமும் தண்ணீரும் போதும். கல்யாணத்தில் 'சம்மதம்' என்ற ஒரு சொல். பாவசங்கீர்த்தனம் மட்டும் இப்படி நடக்காது. "அவன் வந்தான்", "அவனை வரச் சொன்னேன்", "வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்": இந்த மூன்றிலும் குற்றத்தின் அளவு வேறு வேறு. இதைப் பிரித்தறியாத காது எதை மன்னிக்கும்? துபாஷி வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் இன்றுவரை இடம் தருகிறது, அவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் அதே ஊர்க்காரர், நாளைக்குக் கடற்கரையில் எதிரே வரப்போகிறவர், அவரை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னத்தைச் சொல்வாள்?

1546இல் இந்தியா வந்த போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு என்றீக்கே என்றீக்கசு இந்த இடத்தில்தான் முக்கியமாகிறார். நம் புத்தகங்களில் அண்டிரிக் அடிகளார். அவர் தமிழை உட்கார்ந்து படித்தார். ஐரோப்பியர்களுக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். மேலே சொன்ன மூன்று புத்தகங்களும், 1586இல் வந்த 'அடியார் வரலாறு' என்ற பெரிய நூலும் அவர் கைவேலை. தமிழ் அச்சின் தந்தை என்று அவரைப் புகழ்கிறோம், சரிதான். அந்த உழைப்புக்குப் பின்னால் இருந்த பெரிய நெருக்கடிகளில் ஒன்று, சனங்கள் சொல்லும் பாவம் குருவுக்குப் புரிந்தாக வேண்டும் என்பது என் கணிப்பு. வேறு எந்தச் சடங்கும் ஐரோப்பியனை இந்த அளவுக்குத் தமிழ் படிக்கக் கட்டாயப்படுத்தவில்லை.

சொல்லும் மாறியது. கொம்பெசார் என்பது தமிழில் நிலைக்கவில்லை, மலையாளத்தில் 'கும்பசாரம்' இன்றும் இருக்கிறது. நம்மிடம் வடமொழிச் சாயலில் 'பாவசங்கீர்த்தனம்' வந்தது. ரகசியமாய் முணுமுணுக்கும் காரியத்துக்கு 'சங்கீர்த்தனம்' என்று பெயர் வைத்தவர் யாரோ! இப்போது கத்தோலிக்கர்கள் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கிறார்கள். வள்ளுவர் சொன்ன ஒப்புரவு ஊருக்கு உதவுவது. இவர்கள் சொல்வது கடவுளோடும் மனிதரோடும் மீண்டும் ஒத்துப்போவது. சி.எஸ்.ஐ., லுத்தரன்காரர்கள் வாயில் 'பாவ அறிக்கை'.

சரி, குருவே இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள்?

1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, 1687இல், கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குரு கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். சில்லாலை கிராமத்தில் மறைந்திருந்தார். இரவில் பூசை, இரவில் பாவசங்கீர்த்தனம். 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். என் கவனம் அவரைவிட அந்த முப்பது வருடத்தின் மேல்தான் போகிறது. ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்து, குருவின் வாயால் மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்காமல் செத்தும் போயிருக்கிறது.

ஜப்பானில் இது இன்னும் நீண்டது. 1614இல் தடை. 1865இல் நாகசாகியில் மறைவுக் கிறித்தவர்கள் வெளிப்படும்வரை, தலைமுறை தலைமுறையாகக் குருக்களே இல்லை. 1603ஐச் சேர்ந்த ஒரு சிறு நூல் அவர்களிடம் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. குரு இல்லாதபோது எப்படி உண்மையாக மனம் வருந்துவது என்று சொல்லும் நூல். எழுதத் தூண்டியவர்கள் பாதிரியார்கள்தான்! நம் கத்தோலிக்கர்கள் 'உத்தம மனஸ்தாபம்' என்பார்களே, அதுதான். தண்டனைக்குப் பயந்து அல்லாமல் கடவுள் மேலுள்ள அன்பால் வருந்தினால், வாய்ப்புக் கிடைக்கும்போது குருவிடம் சொல்லும் எண்ணமும் இருந்தால், அப்போதே கடவுளோடு ஒப்புரவாகிவிடுகிறான் என்று அந்தக் கண்டிப்பான திரெந்து சங்கமே சொல்லியிருக்கிறது. 2020 மார்ச்சில், கொரோனாவில் ஊர்கள் அடைபட்டபோது, போப் பிரான்சிஸும் இதையே நினைவூட்டினார். குரு கிடைக்காவிட்டால் நேரடியாகக் கடவுளிடம் பேசுங்கள் என்றார்.

ஆக, "பாதிரியார் இல்லாமல் கத்தோலிக்கருக்கு மன்னிப்பே இல்லை" என்று பேசுகிறவர்கள் தங்கள் சபையின் பாடத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். குருவிடம் சொல்வது அங்கே சாதாரண வழி. அந்த வழி அடைபட்டால் கடவுள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதாக அவர்கள் சொல்லவில்லை.

மறுபக்கமும் நாம் நினைப்பதுபோல் இல்லை. லுத்தர் தனிப் பாவ அறிக்கையை ஒழித்தார் என்று பலர் நம்புகிறார்கள். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அதை வைத்துக்கொண்டது. ஒவ்வொரு பாவத்தையும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் எடுத்துவிட்டது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கொண்டுவந்து இறக்கியது இந்த மரபைத்தான். பிறகு வீரமாமுனிவர் லுத்தரன்காரர்களை மறுத்து 'பேதகமறுத்தல்' எழுதினார். இரண்டு ஐரோப்பியக் கட்சிகள் தமிழில் சண்டை போட்டதில் தமிழ் உரைநடைக்கு லாபம்.

நம் ஆரணிக்கு வந்த புராட்டஸ்டன்ட் கிளை வேறு. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்துப் பெண். அதன் ஆரம்பகால மையங்களில் ஆரணியும் ஒன்று. இவர்கள் சீர்திருத்தச் சபையினர், கால்வின் வழி. அவர்களுடைய ஹைடெல்பெர்க் வினாவிடையில் (1563) பாவத்தைக் கட்டவும் அவிழ்க்கவும் உள்ள திறவுகோல்கள் இரண்டு: பிரசங்கம், சபை ஒழுங்கு. குருவின் காதுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் ஊரறிந்த தப்பைச் செய்தவர் மூப்பர்கள் முன்னால் நிற்க வேண்டும், திருவிருந்திலிருந்து விலக்கியும் வைப்பார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஒருவரிடம் ரகசியமாகச் சொல்வது மேலா, நாலு பேர் நடுவில் நிற்பது மேலா? என்னைக் கேட்டால் முதலாவதுதான் மனிதனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும்.

இந்தக் கிளை 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்து, 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகளோடு சி.எஸ்.ஐ. ஆனது. இப்போது ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார்கள், ஆயர் மன்னிப்பைக் கூறுவார். தனியாக ஆயரிடம் மனம்விட்டுப் பேச விரும்பினால் தடையில்லை, கட்டாயமும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். நீ சி.எஸ்.ஐ.யாகவே இருந்து, பிஷப் அனுமதியோடு கத்தோலிக்கக் கோவிலில் தாலி கட்டிக்கொண்டால், பாவசங்கீர்த்தனம் உன்னிடம் கேட்கப்படுவதில்லை. கத்தோலிக்க மாப்பிள்ளைக்கே கூட, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அதைச் செய்யும்படி அழுத்திப் பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான். நீயாக விரும்பிக் கத்தோலிக்கச் சபையில் சேர்ந்தால் அது வேறு கதை. அப்போது செய்ய வேண்டியிருக்கும், செய்வதன் அர்த்தம் தெரிந்து செய். சொந்தக்காரர்கள் சொல்வதை விட்டுவிட்டு, பங்குச் சாமியாரை நேரில் பார்த்துக் கேள், கூச்சப்படாதே.

"தெரியாத ஒருத்தர்கிட்ட" என்று அந்தப் பெண் சொன்னதில் இருந்த பயத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். அந்தப் பயம் திருச்சபைக்கே உண்டு. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் 'பாவசங்கீர்த்தனத் தொட்டி' என்று சொல்லும் அந்த மரக்கூடு, நடுவில் சல்லடைத் தடுப்போடு, 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ பரப்பியது. குருவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும் என்பது அதன் முக்கியமான நோக்கம். கேட்டதை வெளியே சொல்லும் குரு தானாகவே சபை நீக்கத்துக்கு ஆளாகிறார். இவ்வளவு கடுமையான விதி எதற்கு என்று யோசித்தாலே, அந்தக் காதுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது விளங்கும்.

2018இல் கேரளத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையில், பாவ அறிக்கையில் சொன்னதை வைத்தே ஒரு பெண்ணை மிரட்டிச் சீரழித்ததாகக் குருக்கள் மேல் குற்றச்சாட்டு எழுந்தது. தேசிய மகளிர் ஆணையத் தலைவர் ரேகா சர்மா, பாவ அறிக்கை முறையையே ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். சபைகள் ஒன்று சேர்ந்து எதிர்த்தன. மத்திய அமைச்சராயிருந்த அல்போன்ஸ் கண்ணந்தானமும் அது அரசின் நிலைப்பாடு இல்லை என்றார். ஒழிக்கச் சொன்னது எனக்கும் சரியாகப் படவில்லை. விரும்பிப் போகிறவரைத் தடுக்க அரசு யார்? ஆனால் கட்டாயம் என்று வரும்போது, அதிலும் சொல்பவர் பெண்ணாகவும் கேட்பவர் எப்போதும் ஆணாகவும் இருக்கும்போது, கேள்வி கேட்கிற பெண்ணை "விசுவாசம் இல்லாதவள்" என்று அடக்குவது அநியாயம். அந்தச் சபையைச் சேர்ந்த சிலர் கட்டாயத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள்.

சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் கணவன் மனைவி பேச்சுக்குப் பாதுகாப்புத் தந்தது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்கும் தந்தது. குருவிடம் சொல்லும் பாவத்துக்கு அப்படி ஒரு பிரிவு அதில் இல்லை. அந்த ரகசியம் முழுக்கத் திருச்சபைச் சட்டத்தையும் அந்தக் குருவின் மனசாட்சியையும் நம்பித்தான் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் அந்தப் பிரிவு சேர்க்கப்படவில்லை.