1887: ஒரு கல்லூரியும் ஒரு தோல் பட்டறையும்

மும்பைத் தொழிற்கல்வியின் வரலாற்றில் 1887ஆம் ஆண்டை இருமுறை எழுத வேண்டும். விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா நினைவாக விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் பைக்குல்லாவில் தொடங்கப்பட்டது அவ்வாண்டில்தான். தாராவிக்கு முதல் தோல் பதனிடும் பட்டறை வந்ததும் அதே ஆண்டில் என்றே அப்பகுதியைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

கல்லூரி பிறந்த காரணம் தெளிவானது. காவஸ்ஜி தாவர் 1850களில் நிறுவிய முதல் பஞ்சாலையைத் தொடர்ந்து நகரெங்கும் ஆலைகள் பெருகின. இயந்திரங்களும் அவற்றை நடத்தத் தெரிந்தவர்களும் லங்காஷயரிலிருந்து வர வேண்டியிருந்தது. உள்ளூரிலேயே திறனாளர்களை உருவாக்க ஆலை முதலாளிகள் விரும்பினர்; தின்ஷா மானக்ஜி பெட்டிட் போன்றோரின் ஆதரவு கிடைத்தது. ஆகவே நெசவும் இயந்திரவியலும் முதன்மைப் பாடங்களாயின. 1923இல் கல்லூரி மாட்டுங்காவுக்குக் குடிபெயர்ந்தது. எல்.எம்.இ., எல்.இ.இ., எல்.டி.எம். என்னும் அதன் பட்டயங்கள் ஆலை வாசல்களில் மதிக்கப்பட்டன. 1997இல் வீர்மாதா ஜீஜாபாயின் பெயரை ஏற்றபோதும் வி.ஜே.டி.ஐ. என்ற சுருக்கம் மாறவில்லை.

மாட்டுங்காவை அடுத்துள்ள தாராவியில் வேறொரு கல்வி நடந்துகொண்டிருந்தது. பாந்த்ரா இறைச்சிக்கூடத்தின் தோல்களை நம்பி எழுந்த பட்டறைகளில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் பலர் உழைத்தனர். தோலைச் சுண்ணாம்பில் எவ்வளவு ஊறவைப்பது, மயிரையும் சதையையும் எந்தப் பதத்தில் நீக்குவது, பட்டைச் சாறும் கடுக்காயும் எப்போது போதும் என்பனவெல்லாம் வேதியியல்தான். ஆனால் மூத்தவர் கையைப் பார்த்து இளையவர் கற்ற அந்த வேதியியலுக்குப் பட்டயம் இல்லை.

தோல் தொழில் கற்பிக்க இயலாததும் அன்று. சென்னையில் 1915இலேயே அதற்கெனத் தனிப் பயிற்சி நிலையம் அமைந்தது. எனினும் சாதியின் இழிவு சுமத்தப்பட்ட தொழிலுக்குக் கல்விக்கூடத்தின் மதிப்பு எளிதில் கிட்டவில்லை. எது தொழில்நுட்பம், எது வெறும் உழைப்பு என்பதைப் பாடத்தின் கடினம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருக்கு அது தேவை, யார் அதைச் செய்கிறார் என்பவையும் தீர்மானிக்கின்றன.

மாட்டுங்காவில் 1932இல் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, 1960இல் சயானில் கல்லூரி கண்டது. தாராவிக்கு அருகில் திறந்த அவ்வாசல் கலை, அறிவியல், வணிகப் படிப்புகளுக்கானது. தந்தையின் தொழிலை விட்டு வெளியேற அது வழி தந்தது. அத்தொழிலிலேயே மதிப்புடன் உயர வழி தரவில்லை.

1971இல் இறைச்சிக்கூடம் எங்கள் செம்பூரை அடுத்த தேவனாருக்கு வந்தது. பின்னர் பதனிடும் பட்டறைகளும் தாராவியை விட்டு அகன்றன. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் பஞ்சாலைகளும் நலிந்தன. தன்னை ஈன்ற தொழில் சாய்ந்த பின்னும் கல்லூரி நிலைத்தது. ஏட்டில் ஏறிய அறிவு வேறு துறைகளுக்குத் தாவிக்கொண்டது. பதனிடுவோரின் அறிவு அந்தக் கைகளோடு முடிந்தது. தோற்பையும் இடைவாரும் தைக்கும் கைகள் மட்டுமே தாராவியில் எஞ்சின.

தாராவி மறுசீரமைப்பில் வீடுகளும் கடைகளும் அளக்கப்படுகின்றன. அங்குள்ள கைத்திறனை எந்தப் பதிவேட்டில் எழுதப்போகிறோம்?