ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் பொய்யும்

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள குழந்தைகளுக்குப் பொய் சொல்லவே வராது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் பரவலாக நம்புகிறார்கள். இது பாதி உண்மைதான். இவர்களில் பலர் பொய் சொல்லிப் பார்க்கிறார்கள். சொன்ன பொய்யைக் கட்டிக்காக்க முடியாமல் தடுமாறுகிறார்கள். பொய் சொல்ல ஒரு மனத்திறன் வேண்டும். எனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்று புரிந்த பிறகே குழந்தையால் ஒன்றை மறைக்க முடியும். பொதுவாக நான்கு வயதையொட்டி இந்தப் புரிதல் வருகிறது.

இதைச் சோதித்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது, 1985இல் சைமன் பேரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் ஆகியோர் வெளியிட்டது. சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் போடுகிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், சாலி தேடப்போகும் கூடையை விட்டுவிட்டு, குண்டு இருக்கும் இடத்தையே காட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் கூடையைச் சரியாகக் காட்டியதால், பொதுவான அறிவுத்திறன் குறைவை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியவில்லை. ‘பொய் வராது’ என்ற நம்பிக்கை வலுப்பட இந்த 16 பேர் ஒரு காரணம். சரியாகச் சொன்ன 4 பேரைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

1992இல் பேயாட்டே சோடியனும் ஃபிரித்தும் ஒரு மிட்டாயைப் பெட்டியில் வைத்து, திருட வரும் பொம்மையிடமிருந்து அதைக் காப்பாற்றச் சொன்னார்கள். பெட்டியைப் பூட்டிவிட இந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்தது. பூட்டாத பெட்டியைப் ‘பூட்டியிருக்கிறது’ என்று சொல்லத்தான் வரவில்லை. கையால் தடுக்க முடிந்தவர்களால் சொல்லால் தடுக்க முடியவில்லை.

இதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. ஜேம்ஸ் ரஸ்ஸலும் உடன் பணியாற்றியவர்களும் 1991இல் நடத்திய சோதனையில், இரண்டு பெட்டிகளில் ஒன்றில் சாக்லேட் இருக்கும். அது எதில் என்று குழந்தைக்கு மட்டும் தெரியும். காலிப் பெட்டியைக் காட்டி எதிராளியை ஏமாற்றினால் சாக்லேட் குழந்தைக்கு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சாக்லேட் இருக்கும் பெட்டியையே திரும்பத் திரும்பக் காட்டி, அதை இழந்துகொண்டே இருந்தார்கள். 1993இல் கிளேர் ஹியூஸும் ரஸ்ஸலும் எதிராளியையே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏமாற்ற ஆளே இல்லாதபோதும் சிக்கல் அப்படியே இருந்தது. கண்முன் இருக்கும் விருப்பமான பொருளிலிருந்து மனத்தையும் விரலையும் விலக்குவதே கடினமாக இருந்திருக்கிறது. அதை நேர்மை என்று புகழ்வதும் புரியாமை என்று குறைப்பதும் பொருந்தாது.

கனடாவில் காங் லீயின் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு பழைய நம்பிக்கையை அசைத்தது. பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போவார். பார்த்துவிட்டு ‘பார்க்கவில்லை’ என்று சொன்னவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களிலும் இருந்தார்கள். பிடிக்காத பரிசைப் பிடித்திருக்கிறது என்று கொடுத்தவர் மனம் நோகாதபடி சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் ‘என்ன பொம்மையாக இருக்கும்?’ என்ற அடுத்த கேள்வியில், பார்த்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய பதில் வாயிலிருந்து வந்துவிடும். கடன்காரர் வாசலில் நிற்கும்போது, ‘அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாரு’ என்று பிள்ளை சொல்லுமே, அதே கசிவுதான்.

பொய்யே அல்லாததும் பொய்யாகத் தெரிவதுண்டு. இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய அநியாயம் நடப்பது இங்கேதான். மனநல மருத்துவர் லியோ கன்னர் 1943இல் எழுதிய, ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் ஒரு சிறுவன் வருகிறான். ‘தோளில் தூக்கி வைக்கவா? வேண்டுமானால் ஆமாம் என்று சொல்’ என்று அவன் தந்தை கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு அவனுக்கு ‘ஆமாம்’ என்றால் தோளில் ஏற வேண்டும் என்றே பொருளானது. கேள்வியைத் திரும்பச் சொல்வதே சம்மதம் என்று கொள்ளும் குழந்தைகளையும் கன்னர் குறிப்பிட்டார். இப்படி ஒரு பிள்ளையிடம் ‘நீதான் உடைத்தாயா?’ என்று கேட்டு, வந்த ‘ஆமாம்’ என்ற சொல்லை ஒப்புதலாகவும், மறுநாள் வந்த ‘இல்லை’யைப் பொய்யாகவும் எடுத்துக்கொண்டால் அவன் என்ன செய்வான்? ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளைத் தவிர்த்து, படங்களை வரிசைப்படுத்தி என்ன நடந்தது என்று காட்டச் சொல்லலாம். பதிலுக்கு அவசரப்படுத்தக் கூடாது.

வளர்ந்த பிறகு வேறுவகை மறைப்பு வருகிறது. தன் அசைவுகளை அடக்கி, பிறரைப் பார்த்துச் சிரிக்கப் பழகி, ஆட்டிசம் வெளியே தெரியாதபடி நடந்துகொள்வதை உளவியலாளர்கள் முகமூடி அணிதல் என்கிறார்கள். அப்படி வாழ்பவர்கள் அதனால் மிகவும் களைத்துப்போவதாகச் சொல்கிறார்கள். வெளிப்படையாகப் பேசியதற்காகச் சிறுவயதில் பலமுறை திட்டு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு.