வில்லங்கம் காப்பாற்றிய பூங்கா

காமர்ஸ் படிக்கிறவனுக்குப் பூங்காவோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது முழுக்க முழுக்க சொத்து, குத்தகை, விலை சம்பந்தப்பட்ட கதை :)

லண்டனின் வடபகுதியில் ஹாம்ஸ்டெட் ஹீத் என்று ஒரு மேட்டு நிலம். காடு, புல்வெளி, குளங்கள் எல்லாம் சேர்த்து இன்று சுமார் 790 ஏக்கர். அவ்வளவு பெரிய நகரத்துக்கு நடுவில் இது எப்படித் தப்பித்தது?

அந்தக் காலத்தில் இது ஒரு ஜமீன் நிலம். ஆனால் சுற்றியிருந்த குடிகளுக்கு அங்கே மாடு மேய்க்கவும் மண் எடுக்கவும் பரம்பரை உரிமை உண்டு. நம் பாஷையில் சொன்னால் மந்தைவெளி. 1821இல் ஜமீன் சர் தாமஸ் மேரியன் வில்சன் கைக்கு வந்தது. கூடவே அப்பாவின் உயிலும் வந்தது! நிலத்தை அவர் அனுபவிக்கலாம், ஆனால் 21 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடக்கூடாது. 21 வருஷக் குத்தகையை நம்பி எவன் வீடு கட்டுவான்? உயிலை மீற வேண்டும் என்றால் பாராளுமன்றம் தனிச்சட்டம் போட வேண்டும். 1829இல் மனுவோடு போனார். ஹீத்திலும் வீடு கட்டிவிடுவார் என்று அக்கம்பக்கத்தார் கிளம்பினார்கள். மசோதா தோற்றது. அவரும் விடவில்லை, 1850கள் வரைக்கும் திரும்பத் திரும்ப முயன்று திரும்பத் திரும்பத் தோற்றார்.

எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? பாங்கர்கள், வக்கீல்கள், ஹீத்தைச் சுற்றி பங்களா வைத்திருந்தவர்கள். இயற்கைப் பாசம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதிரே வீடுகள் முளைத்தால் தங்கள் வீட்டின் மதிப்பு என்னாகும் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுற்றிலும் எல்லோரும் நிலத்தை வீடாக்கிக் காசு பார்க்கும்போது தன்னை மட்டும் தடுத்தால் சர் தாமஸுக்குக் கோபம் வராதா? பாவம், எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட உண்டு.

1860களில் அவர் ஹீத்தைத் தோண்டி ரயில்வே கம்பெனிக்கு மணல் விற்கத் தொடங்கினார். பெரிய பெரிய பள்ளங்கள். குர்னி ஹோர் என்ற பாங்கர் தலைமையில் குடிகளின் உரிமையை வைத்து வழக்குப் போட்டார்கள். பொதுவெளிகளைக் காப்பாற்ற 1865இல் ஆரம்பித்த ஒரு சங்கமும் துணைக்கு வந்தது. தீர்ப்பு வருவதற்குள் 1869இல் சர் தாமஸ் இறந்துபோனார். தம்பி சர் ஜான் சண்டையை நீட்டாமல் விற்கச் சம்மதித்தார். 1871இல் தனிச்சட்டம் போட்டு, சுமார் 220 ஏக்கரை 45,000 பவுண்டுக்கு லண்டன் மக்களின் வரிப்பணத்தில் வாங்கினார்கள். என்றைக்கும் வேலியும் கட்டடமும் கூடாது என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். பக்கத்திலேயே பார்லிமென்ட் ஹில். அதையும் சுற்றியுள்ள வயல்களையும் சேர்த்து சுமார் 265 ஏக்கரை 1889இல் வாங்கியபோது ஆன செலவு ஏறக்குறைய 3 லட்சம் பவுண்ட்! ஏக்கருக்கு 200 பவுண்ட் சொச்சம் என்றிருந்தது 18 வருஷத்தில் 1,100ஐத் தாண்டிவிட்டது. நகரம் வளர்ந்தது ஒரு காரணம். இன்னொன்று, முதல் நிலத்தில் குடிகளின் உரிமை என்ற வில்லங்கம் இருந்தது, அதனால் மலிவு. இரண்டாவது, வீடு கட்டத் தோதான சுத்தமான பத்திரம். நாம் வில்லங்கச் சான்றிதழ் வாங்குவதே நிலத்தில் எதுவும் இருக்கக்கூடாது என்றுதானே? இங்கே அந்த வில்லங்கம்தான் பூங்காவைக் கொடுத்தது. 1889இல் வரிப்பணம் மட்டும் போதவில்லை, பொதுமக்களிடம் நன்கொடையும் திரட்ட வேண்டியிருந்தது. ஏழைகளுக்கும் திறந்த வெளி வேண்டும் என்று போராடிய ஆக்டேவியா ஹில் அம்மையாருக்கும் இதில் பங்கு உண்டு.

1989 முதல் ஹீத்தை நிர்வகிப்பது சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 1840களில் சர் தாமஸ், அனுமதி கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் வரப்போகும் பங்களாக்களுக்கு ரோடும், ஒரு குளத்தின் மேல் செங்கல் வளைவுப் பாலமும் கட்டினார். பங்களாக்கள் வரவில்லை. மரங்களுக்கு நடுவே பாலம் மட்டும் இன்னமும் நிற்கிறது. ஜனங்கள் நாயோடு அதன்மேல் வாக்கிங் போகிறார்கள்.