குழலும் ஒளியும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் லேசர் குறிக்கருவியும் சட்டத்தின் பார்வையும்

மலேசியாவின் துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையானவை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாது. குற்றம் புரிகையில் துப்பாக்கியால் சுட்டவருக்கு 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் (கூடுதல் தண்டனைகள்) சட்டம் மரண தண்டனையைக் கட்டாயமாக்கியிருந்தது. 2023இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆனால் துப்பாக்கியின் மேல் பூட்டப்படும் லேசர் விளக்கு என்ற சிறு பொருளைப் பொறுத்தவரை இந்தக் கடுமை திசை தவறிப் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டத்தின் கவனம் குழலின்மேல் இருக்கிறது. ஒளி அதன் கண்ணில் படுவதில்லை. கோலாலம்பூரில் பொதுமக்கள் அறிந்த லேசர்த் தொல்லையோ குழலே இல்லாத இடத்தில், ஒரு காற்பந்து அரங்கத்தில் நடந்தது.

முதலில் கருவிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கியில் மின்னும் எல்லாவற்றையும் ‘லேசர்’ என்றே பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தொலைநோக்கி போன்ற ஸ்கோப் இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும். ஒளி எதையும் வெளியே விடாது. ‘ரெட் டாட்’ எனப்படும் கருவியில் சிறு விளக்கின் புள்ளி வளைந்த கண்ணாடியில் பட்டுச் சுடுபவரின் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. எதிரே நிற்பவருக்கு அந்தப் புள்ளி தெரியாது. அயர்லாந்துக்காரர் ஹோவர்ட் கிரப் 1900இல் வகுத்த இந்த முறையை, ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் மின்விளக்கோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. லேசர் குறிக்கருவி மட்டுமே இலக்கின் மீதே புள்ளியை இடுகிறது. மற்ற இரண்டும் பார்க்க உதவுபவை. இது ஒளியை எறிவது. சட்டத்துக்குப் பொருட்படவேண்டிய வேறுபாடு இது ஒன்றுதான்.

லேசர் இருந்தால் குறி தப்பாது என்ற எண்ணம் திரைப்படம் வளர்த்தது. நாயகன் நெஞ்சில் சிவப்புப் புள்ளி ஊர்ந்து ஏறும் காட்சியைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஒளி நேர்கோட்டில் போகும், குண்டு போகாது. 5.56 மில்லிமீட்டர் குண்டு 300 மீட்டர் தூரத்தை அடைவதற்குள் புவியீர்ப்பால் அரை மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். லேசரையும் குழலையும் ஏதோ ஒரு தூரத்துக்கு மட்டுமே பொருத்தி வைக்க முடியும். அதற்கு முன்னும் பின்னும் புள்ளி ஓரிடம், குண்டு வேறிடம். நம் ஊர் நண்பகல் வெயிலில் சிவப்புப் புள்ளி சில பத்து மீட்டர்களுக்கு அப்பால் கண்ணுக்கே தெரியாது. தொலைவிலிருந்து சுடும் வீரன் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒளியை ஏன் வீசப் போகிறான்? இருட்டும் குறுகிய தூரமுமே லேசருக்கு ஏற்ற சூழல். படைகள் பயன்படுத்துவதும் பெரும்பாலும் இரவுக்கண்ணாடிக்கு மட்டும் தெரியும் அகச்சிவப்பு லேசரைத்தான்.

குறி தப்பாமல் சுட லேசர் தேவையில்லை என்பதற்கு உள்ளூர்ச் சான்றுகள் உண்டு. 2017 தென்கிழக்காசியப் போட்டியில் சுடுதல் நடந்த சுபாங் அரங்கில் பயிலும் ஏர் ரைபிள் வீரர்களின் துப்பாக்கியில் ஸ்கோப்பும் கிடையாது, லேசரும் கிடையாது. பன்னாட்டு விதி இரண்டையும் தடை செய்கிறது. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம். இவற்றின் வழியாக 10 மீட்டருக்கு அப்பால் அரை மில்லிமீட்டர் அளவுள்ள மையப் புள்ளியை அடிக்கிறார்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகச் சுட்டு உலகின் கவனத்தை ஈர்த்த நூர் சுரியானி முகமது தாய்பி களமிறங்கியதும் அப்படிப்பட்ட துளையோடும் வளையத்தோடும்தான்.

இன்னொரு சான்று கிள்ளான் பள்ளத்தாக்கின் வடக்கே, பழைய நிலக்கரி நகரமான பத்து ஆராங்கில் இருக்கிறது. அங்குள்ள எஸ்.எம்.இ. ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலை, ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயுஜி ரைபிளை உரிமம் பெற்றுத் தயாரித்தது. மலேசியத் தரைப்படையின் கையில் நெடுங்காலம் இருந்த துப்பாக்கி அது. ஒன்றரை மடங்கு பெரிதாக்கும் ஸ்வாரோவ்ஸ்கி ஸ்கோப் அதன் கைப்பிடிக்குள்ளேயே அடக்கம். உள்ளே தெரிவது ஒரு கறுப்பு வளையம். 300 மீட்டரில் 180 சென்டிமீட்டர் உயர மனிதன் அந்த வளையத்துக்குள் சரியாக அடங்குவான். ஆகவே குறிபார்க்கும் வளையமே தூரத்தையும் சொல்லிவிடும். மின்கலம் இல்லை, ஒளி இல்லை. பின்னர் அதே தொழிற்சாலை உரிமம் பெற்றுச் செய்த எம்4 ரைபிளில் ஸ்கோப் உடலோடு ஒட்டியதாக இல்லை. மேலே பற்கள் வெட்டிய ஒரு தண்டவாளம் இருக்கிறது, வேண்டியதைப் பூட்டிக்கொள்ளலாம்.

இந்தத் தண்டவாளம்தான் சட்டச் சிக்கலின் வேர். 1995இல் அமெரிக்கப் படை இதன் அளவுகளைத் தரப்படுத்தியபின் குறிக்கருவி துப்பாக்கியை விட்டுப் பிரிந்து தனிச் சரக்காயிற்று. அதே அளவுப் பிடிகள் பொம்மைத் துப்பாக்கிக்கும் வந்தன. பிடியைக் கழற்றினால் எஞ்சுவது ஒரு லேசர் டார்ச்.

1960 சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குள் துப்பாக்கியின் உறுப்புகளையும், சுடும் ஓசையையும் தீச்சுடரையும் குறைக்கும் துணைக்கருவிகளையும் சேர்க்கிறது. ஒளி வீசும் துணைக்கருவியை அந்த வரையறை பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அதே சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி போலித் துப்பாக்கி வைத்திருந்தாலே ஓராண்டுவரை சிறை அல்லது 5,000 ரிங்கிட்வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒருவரிடம் லேசர் பூட்டிய போலி ரைபிள் ஒன்று பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரையும் காயப்படுத்த முடியாத பிளாஸ்டிக் வழக்காகும். அதன்மேல் இருக்கும், கண்ணைக் கெடுக்கக்கூடிய ஒரே பகுதி, வழக்கில் வெறும் அலங்காரம். அணுசக்தி உரிமச் சட்டம் 1984 பக்கம் போனாலும் பயனில்லை. அது அயனியாக்கும் கதிர்வீச்சைப் பற்றியது, லேசர் ஒளி அதில் அடங்காது.

தொடக்கத்தில் சொன்ன அரங்கத் தொல்லைக்கு வருவோம். 2010 டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில், தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தின் முதல் சுற்று. கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசியா, இந்தோனேசியாவை எதிர்கொண்டது. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில், பார்வையாளர் பகுதியிலிருந்து பச்சை லேசர் தங்கள் முகத்தில் பாய்வதாக இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் முறையிட்டுத் திடலை விட்டு வெளியேறினர். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. மீண்டும் தொடங்கியபின் சாபி சாலி இரண்டு, அஷாரி சம்சுதீன் ஒன்று என மலேசியா 3-0 வென்றது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும் மொத்தக் கோல் கணக்கில் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. அதை லேசர் தந்த வெற்றி என்று அண்டை நாட்டில் பலர் பேசினர். இங்கே பலர் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிட்டனர். இரண்டு கூற்றையும் கணக்கு ஏற்கவில்லை.

5 மில்லிவாட் பச்சை லேசரை எடுத்துக்கொள்வோம். கதிர் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விரிந்தால் 100 மீட்டரில் பத்து சென்டிமீட்டர் வட்டமாகும்; ஏறத்தாழ ஒரு முகத்தின் அகலம். சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது சுமார் 64 மைக்ரோவாட். கண் இமைக்கும் கால் வினாடிக்குப் பாதுகாப்பு எல்லை 2,500 மைக்ரோவாட். ஆகவே விழித்திரை கருகாது. ஆனால் அமெரிக்க விமானத் துறை, விமானி கூசாமல் இருக்க வைத்திருக்கும் எல்லை 5 மைக்ரோவாட். கண் ஒரு கணம் இருண்டுபோகும் எல்லை 100. அவை இரவுக்கு வகுத்தவை, அரங்கின் விளக்கொளிக்குப் பழகிய கண் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்பது உண்மைதான். அதை விட்டுக்கொடுத்தாலும், உயர வரும் பந்தை அண்ணாந்து பார்க்கும் கோல்காவலருக்கு 64 சிறிதல்ல. அதே லேசர் 30 மீட்டரில் இருந்தால் 700ஐத் தொடும். 500 மில்லிவாட் விளக்காக இருந்தால் 100 மீட்டரிலேயே பாதுகாப்பு எல்லை இரு மடங்குக்கு மேல் மீறப்படும். வெளித்தோற்றத்தில் இந்த விளக்குகள் ஒன்றுபோலவே இருக்கும். கையில் இருந்தது எத்தனை மில்லிவாட் என்பதே கேள்வி. அன்று யாரும் அதைக் கேட்கவில்லை.

பச்சையைத் தேர்ந்ததும் தற்செயலல்ல. 532 நானோமீட்டர் பச்சை, அதே திறனுள்ள 650 நானோமீட்டர் சிவப்பைவிட நம் கண்ணுக்கு எட்டு மடங்கு பிரகாசம். ஆனால் மலிவான பச்சை லேசருக்குள் இருப்பது அகச்சிவப்பு லேசர். படிகங்கள் அதைப் பச்சையாக மாற்றுகின்றன, மிச்சத்தைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். அதே 2010இல் அமெரிக்கத் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. சோதித்த 15 டாலர் கருவி ஒன்றில் அந்த வடிகட்டி இல்லை. மங்கலான பச்சையோடு, கண்ணுக்குத் தெரியாத ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பு வெளிவந்தது. தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது. இரவுச் சந்தையில் வாங்கும் விளக்கின் ஒட்டுத்தாளில் ‘5 மில்லிவாட்டுக்கும் குறைவு’ என்று அச்சிட்டிருந்தால், அது அளந்து எழுதியது என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை.

லேசர் பாய்ச்சுவது நடத்தைக் குற்றம், தனிச்சட்டம் எதற்கு என்று கேட்கலாம். பல்லாயிரம் பேர் கூடிய இடத்தில் விளக்கைப் பிடித்த கையைக் கண்டுபிடிப்பது அரிது. 2014 டிசம்பரில் ஷா ஆலமில் வியட்நாமுக்கு எதிரான அதே கிண்ணத்தின் அரையிறுதியிலும் லேசர் மறுபடி பாய்ந்தது. ஆசிரியரும் வான்நோக்குவோரும் பாதிக்கப்படுவர் என்பது அடுத்த மறுப்பு. திரையில் சுட்டிக்காட்ட 1 மில்லிவாட் போதும். அதற்கு மேற்பட்ட கைலேசர்களின் இறக்குமதியை ஆஸ்திரேலியா 2008இல் கட்டுப்படுத்தியது, வகுப்பறைகள் நின்றுவிடவில்லை. போர்ச் சட்டமே இப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறது: 1995ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறிமுறை, நிலையாகக் குருடாக்கவென்றே அமைந்த லேசர் ஆயுதத்தைத்தான் தடுக்கிறது, குறிபார்க்கும் லேசரை அல்ல.

ஆகவே ஸ்கோப்புக்கும் ரெட் டாட்டுக்கும் புதுத் தடை வேண்டாம். அவை ஒளி எறிவதில்லை, துப்பாக்கி உரிமமே அவற்றுக்குப் போதுமான காவல். லேசரை மட்டும், துப்பாக்கியில் பூட்டியதோ கையில் பிடித்ததோ, மில்லிவாட்டால் வகைப்படுத்த வேண்டும். 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கைலேசர் எதுவும் ஷா ஆலமில் உள்ள சிரிம் தரநிர்ணய நிறுவனத்தின் அளவீட்டுச் சான்று இல்லாமல் கிள்ளான் துறைமுகத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவீடு அகச்சிவப்பையும் சேர்த்து அளந்ததாக இருக்க வேண்டும்.